லைன் கிளியர்

மின்துறையின் கோவைப் பகுதி வரலாற்றை எழுதும் வேலை நந்திதாவிடம் வந்ததற்குப் பெரிய காரணம் ஒன்றுமில்லை. அந்தக் கோட்ட அலுவலகத்தில் தமிழில் வேகமாகத் தட்டச்சு செய்யத் தெரிந்த ஒரே பொறியாளர் அவள்தான்.

"சென்னையில மலர் போடறாங்களாம். துறையோட வரலாறு. நம்ம பங்குக்குப் பதினைஞ்சு பக்கம் அனுப்பணும்" என்றார் செயற்பொறியாளர் சசிதர். "பழைய போட்டோ நெறையப் போடுங்க. பக்கம் சீக்கிரம் நெறஞ்சுரும்."

நந்திதாவுக்கு முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. முப்பத்தாறு வயது, பதினோரு வருடச் சர்வீஸ். கோடைக்கு முன்னால் மாற்ற வேண்டிய டிரான்ஸ்பார்மர்கள் ஒன்பது காத்திருந்தன. ஆனால் ஒரு வாரம் பழைய காகிதங்களோடு உட்கார்ந்த பிறகு அவளுக்கே அது பிடித்துப்போனது. நீலகிரியில் பைக்காரா ஆற்றின் தண்ணீர் மின்சாரமாகி மலையிறங்கி வந்து மில்களை ஓட்டத் தொடங்கிய காலம், மின்துறை மின்வாரியமாக மாறிய காலம், கிணறு கிணறாக மோட்டார் ஏறிய காலம் என்று ஒவ்வொன்றுக்கும் ஏதோ ஒரு கடிதம், ஏதோ ஒரு வரைபடம் கிடைத்துக்கொண்டே இருந்தது. இணைப்பு கேட்டு ஒரு விவசாயி எழுதிய மனுவில், "கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, எனக்கும் மாட்டுக்கும்தான் தெம்பு இல்லை" என்று இருந்தது. அதை அப்படியே அத்தியாயத்தின் நடுவில் போட்டாள்.

கடைசிப் பக்கத்துக்கு அவளாகவே ஒன்று யோசித்தாள். இந்தக் கோட்டத்தில் வேலையின்போது இறந்தவர்களின் பட்டியல். விபத்துப் பதிவேட்டிலிருந்து பதினோரு பெயர்களை அடித்து முடித்தாள். ஏழாவது பெயர் அங்கப்பன், லைன்மேன், வயது முப்பத்தொன்று, மார்ச் 1987. காரணம் என்ற கட்டத்தில், "லைன் கிளியர் பெறாமல் கம்பத்தில் ஏறியது. சொந்தக் கவனக்குறைவு" என்று எழுதியிருந்தது.

அந்தப் பெயர் அவளுக்குத் தெரியும். அவள் வேலைக்குச் சேர்ந்த நாளில் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, "உக்காருங்க அம்மணி, பயப்படாதீங்க" என்று சொன்ன கனகத்தின் கணவர் அவர். அங்கப்பன் இறந்த மறு வருடம் கருணை அடிப்படையில் கனகத்துக்கு அலுவலக உதவியாளர் வேலை கொடுத்தார்கள். முப்பது வருடத்துக்கு மேல் இதே கட்டடத்தில் கோப்பு சுமந்து, ஐந்து வருடங்களுக்கு முன்தான் ஓய்வு பெற்றிருந்தார். "தப்பு அந்தம்மா ஊட்டுக்காரர் மேலதான். ஆனாலும் பாவம்னு வேலை குடுத்தாங்க" என்று கேண்டீனில் யாரோ சொன்னதை நந்திதாவே கேட்டிருக்கிறாள். கனகமும் பக்கத்தில்தான் நின்றிருந்தார். டம்ளர்களை எடுத்துக்கொண்டு போனார்.

இரண்டு நாள் கழித்து, மின் பயன்பாடு வருடத்துக்கு வருடம் எப்படி ஏறியது என்று ஒரு அட்டவணை போட, நந்திதா பதிவறைக்குப் போய் வேலாங்காடு துணைமின் நிலையத்தின் பழைய தினப்பதிவுத் தாள்களை எடுத்தாள். ஒவ்வொரு மணிக்கும் ஒவ்வொரு லைனிலும் எத்தனை ஆம்பியர் ஓடுகிறது என்று ஆப்பரேட்டர் கையால் எழுதும் தாள் அது. 1987 மார்ச் கட்டைப் பிரித்ததும் அங்கப்பன் இறந்த தேதி நினைவுக்கு வந்தது. தேடி எடுத்தாள்.

மூன்றாவது லைனின் பத்து மணிக் கட்டத்தில் எண் இருந்தது. பதினொரு மணிக் கட்டத்தில் எண் இல்லை, ஒரு கோடு. கோட்டின் மேல் சிறிய, சுத்தமான எழுத்தில், "லை.கி. அங்கப்பன் 10.20." பன்னிரண்டு மணிக் கட்டத்திலும் கோடு. ஒரு மணிக் கட்டத்தில், "12.40 சார்ஜ். 12.42 டிரிப்."

நந்திதா அந்தத் தாளைப் பிடித்தபடி நின்றாள். கம்பத்தில் ஏறுகிறவன் முதலில் துணைமின் நிலையத்துக்குப் போய் ஒரு கார்டு வாங்க வேண்டும். அதுதான் லைன் கிளியர். கார்டு கொடுத்ததும் ஆப்பரேட்டர் அந்த லைனை நிறுத்திவிடுவார். வாங்கின ஆளே இறங்கி வந்து கார்டைத் திருப்பிக் கொடுக்கும்வரை யாரும் அதைத் தொடக் கூடாது. துறையில் சேர்ந்த முதல் நாளிலேயே சொல்லித்தருவது இது. அங்கப்பன் பத்து இருபதுக்குக் கார்டு வாங்கியிருக்கிறார். பன்னிரண்டு நாற்பதுக்கு, அவர் மேலே இருக்கும்போதே லைனைப் போட்டிருக்கிறார்கள்; இரண்டே நிமிடத்தில் அது தானாக நின்றிருக்கிறது.

தாளின் அடியில் கையெழுத்து: ராமுலு, ஆப்பரேட்டர்.

அவள் சசிதரிடம் காட்டினாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"வரலாறு எழுதச் சொன்னா கேஸ் கொண்டாந்திருக்கீங்க."

"இதுவும் வரலாறுதானுங்களே சார்."

"முப்பத்தெட்டு வருஷம் ஆச்சு. அன்னிக்கு விசாரணை பண்ணின யாரும் இப்ப உயிரோட இல்ல. இந்த ஒரு தாளை வெச்சுட்டு என்ன பண்ணுவீங்க?"

"ஆப்பரேட்டர் இருக்காருங்க. சரவணம்பட்டியில மகன் கூட."

சசிதர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு தாளை இன்னொரு முறை பார்த்தார். பிறகு, "பழைய நினைவுகளைக் கேக்கப் போறதா சொல்லிட்டுப் போங்க. நானா அனுப்பல" என்றார்.

ராமுலுவின் மகன் உதய் பெங்களூரு போயிருந்தான். பத்தாவது மாடி வீட்டில் மருமகள் நவ்யா கதவைத் திறந்தாள். எழுபத்தாறு வயது ராமுலு இஸ்திரி போட்ட சட்டையோடு தயாராக உட்கார்ந்திருந்தார். துறையிலிருந்து ஒருவர் தன்னைத் தேடி வருகிறார் என்பதே அவருக்குச் சந்தோஷமாக இருந்தது.

நிறையப் பேசினார். மில் சங்கு ஊதின அடுத்த நிமிடம் மீட்டர் முள் ஏறுவதைப் பற்றி, இடி விழுந்து மூன்று நாள் ஈரோட்டுப் பக்கம் முழுக்க இருண்டு கிடந்ததைப் பற்றி, மழைக்காலத்தில் கட்டுப்பாட்டு அறைக்குள் பாம்பு வந்ததைப் பற்றி. நந்திதா எழுதிக்கொண்டே வந்தாள். கேட்க வந்ததைக் கேட்க அவளுக்கு மனம் வரவில்லை. கடைசியில் கைப்பேசியில் எடுத்திருந்த படத்தைப் பெரிதாக்கி அவர் முன்னால் வைத்தாள்.

"இது உங்க எழுத்துங்களா?"

ராமுலு குனிந்து பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். காபி கொண்டுவந்த நவ்யா தட்டோடு அப்படியே நின்றாள்.

"ஏம்மா நவ்யா, போயிராத. நீயும் உக்காரு" என்றார். பிறகு நந்திதாவிடம், "இத்தனை வருசம் கழிச்சு இதை எடுத்துட்டீங்களே அம்மணி" என்றார்.

"தேடிப் போகலீங்க. கண்ணுல பட்டுச்சு."

"அன்னிக்கு ரெண்டு கேங் வேலை செஞ்சுட்டிருந்தாங்க. அங்கப்பன் மூணாவது லைன்ல. இன்னொரு கேங் கிழக்கால லைன்ல. கிழக்கால ஆளுக வேலைய முடிச்சுப்போட்டு ஆபீசுக்குச் சொல்லியிருக்காங்க. எங்க உதவிப் பொறியாளர், ஏ.ஈ., அது அங்கப்பன் கேங்குன்னு நெனச்சுப்போட்டாரு. எனக்குப் போன் பண்ணி, ஆளுக எறங்கியாச்சு, லைனைப் போடுன்னாரு. கார்டு வரலீங்களேன்னேன். கார்டு பின்னால வரும், மில்லுல ஒரு ஷிப்ட் சும்மா நிக்குது, போடுன்னாரு. போட்டேன்."

அவர் வலது கையைத் திருப்பிப் பார்த்தார்.

"ஏ.ஈ. சொன்னது நெசந்தான். ஆனாப் போட்டது நானு. அந்த சுவிட்ச் பிடியோட கனம் இன்னும் இந்தக் கையில இருக்குதுங்க."

"விசாரணையில ஏன் சொல்லலீங்க?"

"மூணாம் நாள் ஏ.ஈ. எங்க ஊட்டுக்கு வந்தாரு. அழுதாருங்க. நடிப்பில்ல, நெசமாலுமே அழுதாரு. போன உசிரு வராது, உண்மையச் சொன்னா நம்ம ரெண்டு பேரு குடும்பமும் தெருவுக்கு வந்துரும், அங்கப்பன் சம்சாரத்துக்கு எப்பிடியும் வேலை வாங்கிக் குடுத்தறலாம்னாரு. எனக்கு ரெண்டு கொழந்தைக. சரின்னுபோட்டேன். அங்கப்பன் கார்டே வாங்கலைன்னு விசாரணையில கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன். கார்டுப் புத்தகத்துல அங்கப்பன் கார்டோட அடித்தாளை ஏ.ஈ.யே கிழிச்சாரு. தினப்பதிவை நீ திருத்தி எழுதிப்போடுன்னாரு. எழுதிட்டேன்னு சொன்னேன். எழுதலீங்க."

"ஏனுங்க?"

"தெகிரியத்துல எழுதாம உட்டேன்னு நெனச்சுக்காதீங்க. புதுத் தாள் எடுத்து வெச்சு உக்காந்தேன். பதினொரு மணிக் கட்டத்துல பொய்யா ஒரு ஆம்பியர் எழுதோணும். எத்தனைன்னு எழுதறது? கை வரல. பழைய தாளையே கட்டுக்குள்ள வெச்சு அனுப்பிப்போட்டேன். யாராச்சும் பாத்துருவாங்கன்னு பயந்தேன். யாராச்சும் பாக்கோணும்னும் நெனச்சேன்."

நவ்யா தட்டைக் கீழே வைத்தாள். "ஏன் மாமா, இதை யார்கிட்டயுமே சொல்லலயா?"

"உங்கத்தைக்கு மட்டும் தெரியும்."

நந்திதாவுக்கு அவர் மேல் கோபம் வரவேண்டும் என்று தோன்றியது. வரவில்லை. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடத்தில் அவளும் இப்படித்தான் போனில் ஒரு லைனைப் போடச் சொன்னாள். காற்றும் மழையுமாக இருந்த நாள், நாற்பது பேர் அலுவலகத்துக்கு வந்து கத்திக்கொண்டிருந்தார்கள். எதிர்முனையில் இருந்த செங்கோடன் என்கிற ஆப்பரேட்டர், "கார்டு வந்தாப் போடறனுங்க மேடம், வராமப் போடமாட்டனுங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். அப்போது கம்பத்தில் இரண்டு பேர் இருந்தார்கள் என்பது அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது. அன்று செங்கோடன் சரி என்று சொல்லியிருந்தால், அவளும் யார் வீட்டுக்காவது போய் அழுதிருப்பாள். இதை அவள் வீட்டில்கூடச் சொன்னதில்லை.

"கனகக்கா கிட்ட நான் சொல்லட்டுங்களா?" என்று கேட்டாள்.

ராமுலு உடனே தலையாட்டினார். "வேண்டாமுங்க. நானே வாரேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை சிங்காநல்லூரில் கனகத்தின் வீட்டுக்குப் போனார்கள். கனகம் வீட்டிலேயே இட்லி மாவு ஆட்டிப் பாக்கெட் போட்டுக் கடைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். முன்னறையில் இரண்டு பெரிய கிரைண்டர்கள் ஓடிக்கொண்டிருந்தன. நந்திதாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வாங்க அம்மணி! ராமுலு சாருங்களா இது? ஏனுங் சார், இப்பிடி எளச்சுப் போயிட்டீங்க? உக்காருங்க, உக்காருங்க."

ராமுலு உட்காரவில்லை. "கிரைண்டரைக் கொஞ்சம் நிறுத்தறீங்களாம்மா" என்றார்.

கனகம் நிறுத்தினார். சட்டென்று வீடு அமைதியானது. ராமுலு நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். சரவணம்பட்டியில் சொன்னதைவிடக் குறைந்த வார்த்தைகளில் சொன்னார். ஏ.ஈ. அழுததையும் தன் குழந்தைகளைப் பற்றியும் சொல்லவில்லை. கார்டு கொடுத்தது, போன் வந்தது, லைனைப் போட்டது, பொய்க் கையெழுத்துப் போட்டது. அவ்வளவுதான்.

கனகம் கையில் ஒட்டியிருந்த மாவைத் துடைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். ராமுலு சொல்லி முடித்த பிறகு அவர் கேட்ட முதல் கேள்வி மற்ற இருவருக்கும் புரியவில்லை.

"அன்னிக்கு அவரு ஏதாச்சும் சாப்பிட்டாரா?"

"என்னம்மா?"

"கார்டு வாங்க வந்தாருன்னீங்கல்ல. அப்பச் சாப்பிட்டிருந்தாரான்னு தெரியுங்களா?"

ராமுலு யோசித்தார். "சாப்பிட்டாரும்மா. எதிர்க்கடையில ரெண்டு பேருமாத்தான் தின்னோம். நாலு இட்லியோ அஞ்சோ தின்னாரு. வயிறு நெறஞ்சுதான் போனாரு. லைன்ல ஒரு இன்சுலேட்டர் கெட்டுப்போயிருக்கு, மாத்திப்போட்டு மத்தியானத்துக்குள்ள வந்தர்றேன்னு சொன்னாரு."

கனகம் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். நந்திதா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"காலையில சண்டைங்க அம்மணி" என்றார் கனகம். குரல் மிகவும் தணிந்திருந்தது. "மவளுக்குக் காது குத்தோணும், லீவு போடுங்கன்னேன். முடியாதுன்னாரு. எனக்குக் கோவம் வந்துருச்சு. அடுப்பே பத்த வெக்கல. பசியோட போங்கன்னு சொன்னேன். நானே என்ற வாயில சொன்னேன். அன்னிக்கே போயிட்டாரு. அப்பறம் கவனக்குறைவுன்னு எழுதியிருக்குன்னாங்க. எனக்குத் தெரிஞ்சுபோச்சு. பசி மயக்கம், சண்டை போட்ட கோவம், அதுலதான் கார்டு வாங்க மறந்துட்டாருன்னு. வேற யாரும் கொல்லல, நாந்தான் கொன்னேன்னு. ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்லீங்க. எம் மவகிட்டயும் சொன்னதில்ல. அவ அப்பாவைப் பத்திக் கேட்டாலே எரிஞ்சு உழுவேன். கேக்கறதையே உட்டுட்டா."

இப்படி ஒன்று இருக்கும் என்று ராமுலு நினைத்தே பார்த்ததில்லை. தன் பொய் ஒரு செத்த மனிதன் மேல் விழுந்ததாகத்தான் இத்தனை வருடமும் எண்ணியிருந்தார்.

"என்னை என்ன வேணா சொல்லுங்கம்மா" என்றார்.

கனகம் நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன சொல்றதுங்க? மாசாமாசம் மீட்டிங்குக்கு வருவீங்க. நல்லாருக்கியா கனகம்னு கேப்பீங்க. நான் டீ கொண்டாந்து குடுப்பேன். எம் மவ கல்யாணத்துல பந்தியில நின்னு நீங்களே பரிமாறுனீங்க. நல்ல மனுசன்னு நெனச்சேன். அந்தப் பதிவறைய முப்பது வருசம் நாந்தான் கூட்டுனேன். அந்தத் தாளு இருந்த ரேக்கைத் தொடச்சிருக்கேன் சார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்ல? வேலை போயிருமேன்னு பயந்தீங்க, சரி. ரிட்டயர் ஆனப்பறமாச்சும் சொல்லியிருக்கலாமல்ல?"

கனகம் எழுந்தார். முகத்தைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டார்.

"வாயில சொன்னது எனக்குப் பத்தாதுங்க. எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. அந்தப் புத்தகத்துல அவரு பேருக்கு நேரா எழுதியிருக்கறதை அழிக்கோணும். இப்பப் போங்க. எனக்கு உங்க முன்னால அழுக வேண்டாம்."

வாசலில் செருப்பை மாட்டும்போது ராமுலு தடுமாறினார். கனகம் கையை நீட்டவில்லை. ஆனால் அவர் நேராக நிற்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாளே ராமுலு நோட்டரி முன்னால் நான்கு பக்க வாக்குமூலம் எழுதிக் கையெழுத்திட்டார். உதய் பெங்களூருவிலிருந்து போன் செய்து, "இந்த வயசுல இதெல்லாம் தேவையா? கேஸ் கீஸ் ஆயிருச்சுன்னா?" என்று சத்தம் போட்டானாம். "ஆகட்டும்னு சொல்லிட்டார் மாமா" என்று நவ்யா நந்திதாவிடம் சொன்னாள். அவளே காரில் கூட்டிவந்து, அவரோடு நின்று, காகிதத்தைச் சசிதர் கையில் கொடுக்க வைத்தாள்.

சசிதர் அதை முழுவதும் படித்தார். படித்துவிட்டு, தினப்பதிவுத் தாளின் நகலோடு சேர்த்து மேலிடத்துக்கு அனுப்பினார். "நான் அனுப்பறேன். ஆனா ஒண்ணும் நடக்கும்னு எதிர்பாக்காதீங்க" என்றார்.

இதற்கிடையில் நந்திதா எழுதிய அத்தியாயம் சென்னைக்குப் போய், பதினைந்து பக்கம் நான்கு பக்கமாகச் சுருங்கி அச்சானது. விவசாயியின் மனுவும் போயிற்று, இறந்தவர்களின் பட்டியலும் போயிற்று. புகைப்படங்கள் மட்டும் பெரிதாக இருந்தன. மலர் வந்த அன்று நந்திதா அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு இழுப்பறையில் போட்டாள். மனதுக்குள் கொஞ்சம் குன்றிப்போனது உண்மைதான். ஆனால் அதற்குள் அவள் மனம் வேறொன்றுக்காகக் காத்திருந்தது.

ஐந்தாவது மாதம் பதில் வந்தது. மூன்றே வரி. கோப்பு 1988லேயே முடிக்கப்பட்டுவிட்டதாலும், தொடர்புடைய அலுவலர் காலமாகிவிட்டதாலும், இப்பொருளில் மேல்நடவடிக்கை ஏதும் தேவையில்லை.

சசிதர் அதை அவளிடம் நீட்டினார். "சொன்னேன்ல?"

நந்திதா இரண்டு முறை படித்தாள். "மேல்நடவடிக்கை தேவையில்லைன்னுதானுங்க சார் போட்டிருக்காங்க. பதிவேட்டைத் திருத்தக் கூடாதுன்னு போடலீங்களே."

"அதனால?"

"விபத்துப் பதிவேடு நம்ம கோட்டத்தோடது. அதுல கையெழுத்துப் போடற அதிகாரம் செயற்பொறியாளருக்குத்தான். பிழை தெரிஞ்சா ஆதாரத்தோட திருத்தலாம்னு நம்ம கையேட்டுலயே இருக்குதுங்க."

சசிதர் கடிதத்தைத் திரும்ப வாங்கிப் படித்தார். மெதுவாகச் சிரிப்பு வந்தது அவருக்கு. "உங்களைத் தமிழ் டைப்பிங்குக்குன்னு எடுத்தது என் தப்பு" என்றார். பிறகு சிரிப்பு அடங்கிற்று. கடிதத்தை மடித்துக் கோப்பில் வைத்தார். "எனக்கு ரிட்டயராக இன்னும் ரெண்டு வருஷந்தான் இருக்கு. யாராவது ஏன் திருத்தினேன்னு கேட்டா என்ன, பதில் எழுதிக்கலாம். கனகத்தை வரச் சொல்லுங்க. அவங்க இல்லாம எழுத வேண்டாம்."

கனகம் வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு வந்தார். தேய்த்த பருத்திப் புடவை, தலையில் பூ இல்லை. ராமுலுவும் நவ்யாவோடு வந்து வராந்தாவின் ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கனகம் அவரைப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

சசிதர் எழுந்து நின்று நாற்காலி காட்டினார். முப்பது வருடம் அந்த அறைக்குள் நின்றே பழகிய கனகம் கொஞ்சம் தயங்கிவிட்டு உட்கார்ந்தார். பதிவேட்டை விரித்து, பழைய வரியின் மேல் ஒரே ஒரு கோடு போட்டு, அதன் கீழே சசிதர் சிவப்பு மையில் எழுதினார். எழுதி முடித்துப் பதிவேட்டை அவர் பக்கம் திருப்பினார்.

கனகம் அதைத் தொடவில்லை. "படிச்சுக் காட்டுங்க சார். இங்க இல்ல. வெளிய, எல்லாரும் கேக்கற மாதிரி. அவரு மேல தப்புன்னு எல்லாருந்தானுங்களே பேசுனாங்க."

சசிதர் நந்திதாவைப் பார்த்தார். பிறகு பதிவேட்டை எடுத்துக்கொண்டு பெரிய அறைக்கு வந்தார். கணக்குப் பிரிவு, நிர்வாகப் பிரிவு எல்லோரும் தலை தூக்கினார்கள். இருபது பேர் இருப்பார்கள். பாதிப் பேர் அங்கப்பன் என்ற பெயரையே கேட்டதில்லை.

"ஒரு நிமிஷம் எல்லாரும் கேளுங்க" என்று சொல்லிவிட்டுப் படித்தார். "லைன்மேன் அங்கப்பன் அன்று காலை பத்து இருபதுக்கு முறைப்படி லைன் கிளியர் பெற்றுப் பணியில் இருந்தார். அவர் அதைத் திருப்பிக் கொடுக்கும் முன்பே லைன் மின்னூட்டப்பட்டது. இறப்புக்கு அவருடைய கவனக்குறைவு காரணம் அல்ல. முந்தைய பதிவு தவறு."

யாரோ ஒருவர் எழுந்து நின்றார். பிறகு மற்றவர்களும் எழுந்தார்கள். என்ன செய்வது என்று தெரியாமல் எழுந்ததுதான், ஆனாலும் நின்றார்கள். கதவருகே ராமுலு கைகூப்பி நின்றிருந்தார். கனகம் எல்லோரையும் ஒருமுறை பார்த்துத் தலையசைத்தார். அவர் அழவில்லை. தோள் மட்டும், நெடுநேரம் தூக்கிவந்த சுமையைக் கீழே வைத்தவருடையது போலத் தளர்ந்து இறங்கியது.

வெளியே வரும்போது ராமுலுவின் முன்னால் நின்றார்.

"நீங்க எழுதிக் குடுக்கலீன்னா இது நடந்திருக்காதுங்க. அதையும் நான் சொல்லோணும்" என்றார். "ஆனா ஊட்டுக்கு வாங்கன்னு இப்பக் கூப்பிட எனக்கு மனசு வரல. வர்றப்பக் கூப்பிடறேன்."

"சரிங்கம்மா" என்றார் ராமுலு. அதற்கு மேல் அவரும் எதையும் எதிர்பார்க்கவில்லை என்று அவர் முகத்தில் தெரிந்தது.

நந்திதா பதிவேட்டுப் பக்கத்தை நகலெடுத்து, முத்திரை வைத்துக் கனகத்திடம் கொடுத்தாள். கனகம் அதை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தார். "ஈரோட்டுக்குப் போறனுங்க. மவகிட்ட. போன்ல சொல்ற விசயமில்ல இது" என்றார். நந்திதா தன் ஸ்கூட்டரிலேயே சிங்காநல்லூர் பேருந்து நிலையம்வரை கொண்டுபோய் விட்டாள்.

அடுத்த புதன்கிழமை மதியம், தெரியாத எண்ணிலிருந்து நந்திதாவுக்கு அழைப்பு வந்தது. கனகத்தின் மகள்.

"மேடமுங்களா? நான் ஈரோட்டுல இருந்து பேசறனுங்க. அம்மா எல்லாத்தையும் சொன்னாங்க. சண்டை போட்டது, பசியோட அனுப்புனது, எல்லாம். நாங்க ரெண்டு பேரும் ஒரு நாள் முழுக்க அழுதோமுங்க."

"இப்ப அம்மா எப்படி இருக்காங்க?"

"அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். அழுது முடிச்சாங்க, அப்பறம் பேச ஆரம்பிச்சாங்க. நாலு நாளா நிறுத்தவே இல்லீங்க மேடம். அப்பா எப்படி சைக்கிள் ஓட்டுவாரு, யாரு மாதிரி பேசிக் காட்டுவாரு, கல்யாணத்தன்னிக்கு எப்படி முழிச்சுட்டு நின்னாருன்னு. எங்கப்பா நல்லாப் பாடுவாருங்களாம். எனக்கு நாப்பத்தொரு வயசுங்க. எங்கப்பா பாடுவாருன்னு எனக்கு நேத்துத்தான் தெரியும்."

எதிர்முனையில், கொஞ்சம் தள்ளி, கனகத்தின் குரல் கேட்டது. யாரிடமோ எதையோ சொல்லிச் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்த அலுவலகத்தில் ஆறு வருடம் கூடவே இருந்தும், அவர் சிரித்து நந்திதா கேட்டது அதுதான் முதல் தடவை.